முற்றத்துத் தீயில் எரிவது யாருடைய குப்பை?

கேள்வி: நான் திருகோணமலை உப்புவெளியில் கணவர், மகன், மாமியார் ஆகியோருடன் வசிக்கும் அரசாங்க உத்தியோகத்தர். சுற்றுச்சூழலுக்குத் தீங்கில்லாமல் வாழ வேண்டும் என்று துணிப்பை, எவர்சில்வர் தண்ணீர்ப் போத்தல், கொழும்பிலிருந்து தருவித்த மூங்கில் பற்தூரிகை என எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். மதியம் கடையில் வாங்கும் சோற்றுப் பார்சலின் பொலித்தீன் தாளைக்கூடக் கந்தோரில் எறியாமல் வீட்டுக்கே கொண்டுவருகிறேன். மாமியாரோ பின்னேரமானால் முற்றத்துச் சருகோடு குப்பை முழுவதையும் கூட்டிக் கொளுத்துகிறார்; எத்தனை முறை சொல்லியும் கேட்பதில்லை. கணவர் சந்திக் கடைக்கும் மோட்டார் சைக்கிளில்தான் போகிறார். விடிய எழுந்து சோறு கட்டித் தருவதாக மாமியார் சொல்வதுண்டு. கந்தோரில் பெட்டியைத் திறக்கக் கூச்சமாக இருப்பதால் வேண்டாம் என்றுவிட்டேன். இவர்களை எப்படித் திருத்துவது?

பதில்: மகள், வீட்டார் ஒத்துழைப்பதில்லை என்று முறையிடும் கடிதங்கள் எனக்கு அடிக்கடி வருகின்றன. உங்களுடைய கடிதத்தில் மற்றவர்களின் குறைகளுக்கு நடுவே போகிறபோக்கில் எழுதியிருக்கிற இரண்டு செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சோறு கட்டித் தருகிறேன் என்ற மாமியை வேண்டாம் என்றுவிட்டீர்கள். கடையில் வாங்கிய பார்சலின் தாளை வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள். அப்படியென்றால் அந்த முற்றத்தில் மாமி கொளுத்துவது எதை?

வேப்பஞ்சருகும் தென்னோலையும் எரிந்தால் உங்களுக்கு இவ்வளவு கோபம் வந்திராது. எரிவது நீங்கள் கொண்டுவந்த தாள். அதோடு குழம்பையும் பருப்பையும் தனித்தனியே கட்டித் தந்த சின்னப் பைகளும், எல்லாவற்றையும் போட்டுத் தந்த சொப்பிங் பையும். கிழமைக்கு ஐந்து நாள் என்றால் வருடத்துக்கு இருநூறு பார்சலுக்கு மேல் வரும். அவ்வளவையும் வீட்டுக்குச் சுமந்து வந்துவிட்டு, அதற்கு மேல் என்ன செய்வதென்று யோசிக்கும் வேலையை வயதான ஒரு மனுசியிடம் விட்டிருக்கிறீர்கள். அவர் தமக்குத் தெரிந்த வழியில் அதைத் தீர்க்கிறார். நீங்கள் அவரைக் குற்றஞ்சாட்டி எனக்கு எழுதுகிறீர்கள். இது நியாயமில்லை.

சட்டத்தைச் சொல்லி மாமியைப் பயமுறுத்தலாம் என்று நினைத்தால் அதையும் முழுதாகவே சொல்ல வேண்டியிருக்கும். 2017 செப்டெம்பர் 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த தடைகளில் பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரிப்பதும் ஒன்று. சோறு சுற்றும் பொலித்தீன் தாளும் அதே நாளில்தான் தடைசெய்யப்பட்டது. மாமி ஒன்றை மீறுகிறார். நீங்கள் மற்றதை மீறும் கடையின் அன்றாட வாடிக்கையாளர். இது மக்கும் தாள் என்று கடைக்காரர் சொன்னாலும் நம்பி இருந்துவிடாதீர்கள். அப்படி விற்கப்படும் பல தாள்கள் பெரிய உரத் தொழிற்சாலைகளின் உயர்ந்த வெப்பத்தில்தான் மக்குமே தவிர, வீட்டுக் குழியில் கிடந்து மக்குவதில்லை.

தாளைக் கந்தோரில் எறியாதது சரியான காரியம், அதை நான் மறுக்கவில்லை. கோட்டைப் பக்கத்திலும் கடற்கரையிலும் திரியும் நம்முடைய புள்ளிமான்கள் கறியின் உப்புக்காக இந்தத் தாள்களை மென்று விழுங்குகின்றன. விழுங்கிய பொலித்தீன் செரிக்காமல் இரைப்பையிலேயே தங்கிவிடுவதால், வயிறு நிறைந்திருக்கும்போதே அந்த உயிர்கள் பட்டினியில் சாகின்றன. ஆனால் மானுக்குக் காட்டிய கரிசனையில் பாதியையாவது தீயின் பக்கத்தில் குனிந்து நின்று கிளறும் மாமியின் நெஞ்சுக்கும் காட்ட வேண்டாமா? குறைந்த சூட்டில் புகைந்து எரியும் பிளாஸ்டிக்கின் கரியும் நஞ்சும் முதலில் போய்ச் சேர்வது அவருடைய மூச்சில்தான். உங்கள் மகன் பக்கத்தில் விளையாடினால் அவனுடைய மூச்சிலும் தான். அந்தச் சாம்பலை முருங்கைக்கோ வாழைக்கோ போடும் வழக்கம் வீட்டில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

கூச்சத்துக்கு வருகிறேன். மூங்கில் பற்தூரிகையை வாங்கும்போது வராத கூச்சம், வீட்டுச் சோற்றைத் திறக்கும்போது மட்டும் ஏன் வருகிறது? முதியவர் ஒருவர் விடியற்காலையில் எழுந்து உனக்குச் சோறு கட்டித் தருகிறேன் என்று சொல்வது, இந்த வீட்டில் இன்னும் நான் வேண்டப்பட்டவள்தானா என்று கேட்பதுமாகும். அதற்கு நீங்கள் இல்லை என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள். அப்படிச் சொன்ன வாயால் குப்பையைப் பற்றிப் புத்தி சொன்னால் அவர் எப்படிக் கேட்பார்? குடும்பத்தில் பெரியவருடைய கையால் சாப்பிடுவதைக் கடமை என்றே நான் நினைக்கிறேன். இந்தக் காலத்தில் அப்படிச் சொல்லலாமா என்று யாரும் கேட்டாலும் மாற்றிச் சொல்லமாட்டேன்.

அதற்காக அந்த வேலை முழுவதையும் அவருடைய தலையில் போட நான் சொல்லவில்லை. தேங்காய் துருவுவது, இரவே மரக்கறி வெட்டி வைப்பது, பெட்டி கழுவுவது மூன்றும் உங்கள் கணவருடைய பங்காக இருக்கட்டும். தாய் சமைக்கும்போது மகன் படுத்திருப்பது அழகல்ல. நம்முடைய வெயிலுக்கு மதியம் வரை தாங்க வேண்டும் என்பதால் தேங்காய்ப்பால் விட்ட கறிகளையும் பச்சைச் சம்பலையும் தவிர்த்து, நெத்தலிப் பொரியல், வாழைக்காய் வறுவல், புளி விட்ட குழம்பு என்று கட்டுங்கள். ஆவி அடங்கிய பிறகே பெட்டியை மூடுங்கள். பெட்டியைச் சுமக்க அலுப்பாக இருக்கும் நாளில் நெருப்பில் வாட்டிய வாழையிலையில் கட்டலாம். அந்த இலையை வீட்டுக்குக் கொண்டுவந்தால் குழிக்குத்தான் போகும்.

குழி என்று சொன்னேன், அதைத் தோண்டக்கூட வேண்டியதில்லை. கோழிவலையை வட்டமாக வளைத்து முற்றத்து ஓரத்தில் நிறுத்தி, சருகு ஒரு படை, குசினிக் கழிவு ஒரு படை என்று மாற்றி மாற்றிப் போட்டு, காய்ந்தால் சிறிது நீர் தெளியுங்கள். வடகீழ்ப் பருவமழை தொடங்கும்போது மேலே தென்னோலைத் தட்டி போட்டு மூடிவிடுங்கள். சில மாதங்களில் அது எருவாகும். இதைப் பராமரிக்கும் பொறுப்பை மாமியிடமே மரியாதையோடு கொடுங்கள். தோட்டத்தைப் பற்றி உங்களைவிட அவருக்குத் தெரிந்திருக்கும். கழுவிக் காயவைத்த போத்தல்களையும் தகரங்களையும் வேறாக ஒரு சாக்கில் கட்டிவைத்தால் பழைய சாமான் வாங்க வருபவர் எடுத்துப்போவார்.

மோட்டார் சைக்கிள் விஷயத்தில் உங்கள் குறை சரிதான். 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் இந்த ஊரே சைக்கிள் ஓட்டியது; சந்திக் கடைக்கு நடந்து போக உங்கள் கணவருக்குத் தெரியாதென்றில்லை. மகனைக் கூட்டிக்கொண்டு நடந்துபோகச் சொல்லுங்கள்.

தீயைப் பற்றி மாமியிடம் இந்த மாதம் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். இன்று இரவு அவரிடம் போய், மாமி, நாளைக்கு எனக்குச் சோறு கட்டித் தருவீர்களா என்று கேளுங்கள். ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு, முற்றத்தில் கொளுத்துவதற்குப் பொலித்தீன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.