பழைய சுவரை ஒட்டி வானம் தோண்டுதல்: மறுமொழி

ஐயா, செங்கோட்டையில் பழைய வீட்டுச் சுவரை ஒட்டி 5 அடி ஆழத்திற்கு வானம் (புதுச் சுவருக்கான அஸ்திவாரக் குழி) தோண்டியதில், 3 அடி ஆழமே உள்ள பழைய கருங்கல் அஸ்திவாரத்தின் அடிமண் சரிவதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் தோண்டுவதை நிறுத்தி, சுவருக்கு முட்டுக் கொடுத்து, அந்த ஒட்டிய அறையில் யாரும் படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய அடிமட்டத்திற்குக் கீழே பக்கத்தில் தோண்டினால், அதைத் தாங்கும் மண் பிடிமானம் இழந்து குழிக்குள் நழுவும். சாரல் காலத்தில் நீர் தேங்கினால் இது விரைவுபடும். நேரில் பார்த்து ஒரு கட்டடப் பொறியாளர் ஒப்புக்கொண்டால், ஏறத்தாழ 4 அடி நீளத் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டி, சேற்றை அள்ளிவிட்டு அன்றன்றே கான்கிரீட் இடலாம். கொத்தனார் அவசரப்படுத்துவார்; இணங்காதீர்கள். புதுச் சுவரைப் பழையதோடு பிணைக்காமல் இடைவெளி விடுங்கள், இரண்டும் ஒரே அளவில் அமுங்குவதில்லை.