போடாக்ஸ் ஊசியும் நரம்பு நோய்களும்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. வலக்கை விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிவிட்டன. ஊசி போட்டால் கை பழையபடி வேலை செய்யுமா, டாக்டர்?

போன பலத்தை ஊசி திருப்பித் தராது. தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் நரம்பு முனையில் வெளியாவதைத் தடுத்துத் தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். நகம் வெட்ட, உள்ளங்கையைக் கழுவ, சட்டை மாட்ட வழி பிறந்தாலே அது பெரிய நிம்மதி. அந்த இலக்கை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டிலேயே ஒன்றைப் பார்க்கலாம். விரலை வேகமாக நீட்டினால் பிடித்துக்கொண்டு, மெதுவாக நீட்டினால் விரிகிறதா? அப்படியானால் ஊசி கேட்கும். எவ்வளவு பொறுமையாக நீட்டினாலும் ஒரே இடத்தில் முட்டி நின்றால், பெரும்பாலும் தசையே சுருங்கிக் குறுகியிருக்கும். அதற்கு இந்த மருந்து பயன்படாது. விரல் மடக்கும் இரண்டு தசைகளுக்கும் தலா 30 முதல் 50 யூனிட் போடுவது வழக்கம். முன்கைத் தசைகள் அடுக்கடுக்காக இருப்பதால், அல்ட்ராசவுண்டோ, தசையின் மின்துடிப்பைக் காட்டும் ஈ.எம்.ஜி.யோ பார்த்துப் போடுவதே நல்லது. அடுத்த வாரங்களில் நீட்டல் பயிற்சியும், விரல்களை நீட்டி வைக்கும் கட்டையான ஸ்பிளின்ட்டும் கட்டாயம் வேண்டும். அவற்றை விட்டால் போட்ட மருந்து வீண்.

கேள்வி: நர்ஸாக இருக்கிறேன். 100 யூனிட் குப்பியை எப்படிக் கலக்குவது?

பதப்படுத்தும் பொருள் (preservative) சேர்க்காத 0.9% சலைன் 2 மி.லி. விட்டால், 0.1 மி.லி.யில் 5 யூனிட் இருக்கும். குப்பிக்குள் வெற்றிடம் உண்டு; சலைனை அது தானாக இழுக்காவிட்டால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தாதீர்கள். குலுக்காமல் மெல்லச் சுழற்றுங்கள். 2–8 டிகிரியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். இந்தக் கணக்கு போடாக்ஸுக்கு மட்டும். இதே வகை மருந்தின் வேறு பிராண்டான டிஸ்போர்ட்டின் யூனிட் வேறு, ஒன்றுக்கு ஒன்று மாற்றவே கூடாது. கேஸ் ஷீட்டில் பிராண்டு, யூனிட், தசை மூன்றையும் எழுதுங்கள்.

கேள்வி: கண் ஓயாமல் இறுக மூடிக்கொள்கிறது என்று ஊசி போட்டார்கள். இப்போது ஒரு இமை தொங்குகிறது.

இமையைத் தூக்கும் தசைக்கு மருந்து பரவியிருக்கிறது. மேலிமையின் நடுவை விட்டு இரு ஓரங்களிலும் போடச் சொல்வது இதைத் தவிர்க்கத்தான். பொதுவாகச் சில வாரங்களில் தானாகச் சரியாகும். கண் முழுதாக மூடாவிட்டால் செயற்கைக் கண்ணீர் விடுங்கள். சிவந்து வலித்தால் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: கழுத்துக் கோணலுக்குப் போட்ட பிறகு விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது.

இதை அலட்சியம் செய்யாதீர்கள், போட்டவரிடம் இன்றே சொல்லுங்கள். காதுக்குப் பின்னிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் தசைக்கு அளவு கூடினாலோ, இருபுறமும் போட்டாலோ இப்படி ஆகலாம். அங்கே மொத்தம் 100 யூனிட்டைத் தாண்டாமல் இருந்தால் ஆபத்து குறையும். மூச்சுத் திணறினாலோ குரல் மாறினாலோ நேராக அவசரப் பிரிவு. மயஸ்தீனியா என்ற தசை பலவீன நோய் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: மைக்ரேனுக்கு 31 இடத்தில் குத்துவார்களாமே?

ஆம், நெற்றி முதல் தோள் வரை மொத்தம் 155 யூனிட், 12 வாரத்துக்கு ஒருமுறை. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருப்பவர்களுக்குத்தான் இது.

கேள்வி: பத்தாவது வாரமே பலன் குறைகிறது. இடையில் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். அடிக்கடி போட்டால் மருந்தை முறிக்கும் எதிர்ப்பொருள் உடலில் உருவாகலாம். பிறகு எவ்வளவு போட்டாலும் கேட்காது. அடுத்த முறை அளவையும் தசைத் தேர்வையும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.