ஊசி என்றாலே நடுங்கும் பதின்ம வயதுப் பிள்ளையைத் தடுப்பூசிக்கு எப்படித் தயார் செய்வது?

முதலில் பிள்ளையிடம் ஒன்றைக் கேளுங்கள்: வெறும் பயமா, இல்லை ஊசி போட்டால் மயக்கமே வருமா? இரண்டுக்கும் வழி வேறு.

வெறும் பயம் என்றால் மூச்சை மெதுவாக இழுத்து விடுவதும், காதில் பாட்டு ஓடுவதும் பெரும்பாலும் போதும். மயக்கம் வருகிற பிள்ளையிடம் "உடம்பைத் தளர விடு" என்று சொல்லாதீர்கள். ஊசியைக் கண்டதும் அவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது; தளர்ந்தால் இன்னும் இறங்கும். அவர்கள் இறுக்க வேண்டும். தொடை, வயிறு, ஊசி போடாத கையின் முஷ்டி எல்லாவற்றையும் முகத்தில் சூடு ஏறும்வரை 10 முதல் 15 வினாடி இறுக்கி, 20 முதல் 30 வினாடி விட வேண்டும். இப்படி 5 முறை. சில நாள் முன்பிருந்தே வீட்டில் பழகட்டும். சொதப்புவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: ஊசி போடும் தோளும் சேர்ந்து இறுகிவிடும். இறுகிய தசையில் குத்தினால் வலி கூடும். அந்தக் கை மடியில் துவண்டு கிடக்க வேண்டும்.

லிடோகெயின், பிரிலோகெயின் கலந்த மரப்புக் களிம்பு உதவும். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். தோள் எலும்பின் முனைக்கு இரண்டு மூன்று விரல் கீழே தடிமனாக வைத்து, மேலே ஒட்டுப்படலம் போட்டு, ஒரு மணி நேரம் விடவும். வரிசையில் நிற்கும்போது தடவினால் வீண். மரப்பது தோல்தான், தடுப்பூசி மருந்து உள்ளே இறங்கும் கடுப்பு தெரியும், அதை முன்பே சொல்லிவிடுங்கள். "வலிக்கவே வலிக்காது" என்று ஒருமுறை ஏமாற்றினால் அடுத்த டோஸுக்கு நம்ப மாட்டார்கள். எந்தக் கை, பார்ப்பதா திரும்பிக்கொள்வதா என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும்.

ஒரே நாளில் இரண்டு ஊசி என்றால் அதிகம் எரிவதைக் கடைசியில் போடச் சொல்லுங்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவியும், தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கான எம்எம்ஆரும் அந்த ரகம். சட்டைக் கை தளர்வாக இருக்கட்டும்.

போட்டதும் எழுப்பிக் கூட்டிவராதீர்கள். 15 நிமிடம் உட்காரட்டும்; மயக்கம் பெரும்பாலும் அதற்குள்தான் வரும். ஆபத்து மயக்கத்தில் அல்ல, விழுந்து தலையில் அடிபடுவதில். முகம் வெளிறினாலோ, வியர்த்தாலோ, கண் இருட்டினாலோ உடனே படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள்.

பாராசிட்டமாலை முன்கூட்டியே கொடுக்க வேண்டாம். பிறகு வலித்தால் கொடுக்கலாம். கை ஓரிரு நாள் வலிக்கும். அசைக்காமல் வைத்திருந்தால் விறைப்புதான் கூடும்.