கேள்வி பதில்: சவுதிப் பெண்களும் விளையாட்டும்

கேள்வி: சவுதி அரேபியாவில் பெண்கள் விளையாட்டும் மின்விளையாட்டும் (கணினியிலும் கைபேசியிலும் ஆடும் போட்டி விளையாட்டு) வளர்ந்துவருவதாகச் சொல்கிறார்களே, அது உண்மையான மாற்றமா, வெறும் விளம்பரமா?

பதில்: இரண்டும்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில், தலையை மூடிய உடையுடன் 800 மீட்டர் ஓடிய சவுதி வீராங்கனை சாரா அத்தார், மற்றவர்களைவிட அரை நிமிடத்துக்கும் மேல் பிந்திக் கடைசியாக வந்தபோது, அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அப்போது அவருடைய நாட்டின் அரசுப் பள்ளிகளில் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பே கிடையாது. 2017இல்தான் அதற்கு அனுமதி அறிவிக்கப்பட்டது. 2018 ஜனவரியில் ஜித்தா அரங்கில் பெண்கள் அமர்ந்து கால்பந்து பார்த்தார்கள். 2022 பிப்ரவரியில் மாலத்தீவில் தன் முதல் சர்வதேசப் போட்டியை ஆடிய சவுதிப் பெண்கள் அணி, சீஷெல்ஸை 2-0 என வென்றது.

மின்விளையாட்டின் கதை வேறு. பெண்களுக்கு அரங்கக் கதவு மூடியிருந்த நாள்களிலும், வீட்டு அறையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, முகம் காட்டாமல் புனைபெயரில் ஆட முடிந்தது. 2024இல் ரியாத்தில் நடந்த மின்விளையாட்டு உலகக் கோப்பையில், மொபைல் லெஜண்ட்ஸ் என்ற கைபேசி ஆட்டத்துக்குப் பெண்களுக்கென்றே தனிப் போட்டி இருந்தது. அதை வென்றது பிலிப்பைன்ஸ் அணி.

விளம்பரம் என்ற குற்றச்சாட்டையும் ஒதுக்கிவிட முடியாது. பெண்கள் கார் ஓட்ட உரிமை கேட்டுப் போராடிய லுஜைன் அல் ஹத்லூல், அந்தத் தடை நீங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு, 2018 மே மாதத்தில் கைதாகி, 2021 பிப்ரவரியில்தான் விடுதலையானார்.