சாமம் வரை ஏன் விழித்திருக்கிறோம்? கேள்வி பதில்

வங்கி ஊழியர், கொக்குவில்: அக்கா, வேலையால் வந்து சமையல், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் முடியப் பத்து மணியாகிவிடும். நித்திரை கண்ணைச் சுழற்றினாலும் ஒரு மணி வரை போனோடு இருக்கிறேன். எனக்குக் கட்டுப்பாடு இல்லையா?

கட்டுப்பாடு இல்லாதவர் இவ்வளவு அலுவலையும் முடிப்பாரா, தங்கச்சி? உங்களை யாரும் கூப்பிடாத நேரம் அது ஒன்றுதான், அதனால் விட மனம் வருவதில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், படுக்கப் போவதைத் தள்ளிப்போடும் இந்தப் பழக்கத்தைப் பற்றி 2014இல் எழுதினார்கள். சீனாவில் நீண்ட நேரம் வேலை செய்யும் இளைஞர்கள், பகலைப் பழிவாங்கவே விழித்திருப்பதாகச் சொல்வார்கள்.

அந்த நேரத்தைச் சாமத்தில் தேடாமல் பின்னேரமே எடுங்கள். வந்த கையோடு குசினிக்குள் போக வேண்டாம். விறாந்தையில் கதிரையைப் போட்டு, தேத்தண்ணீரோடு அரை மணி நேரம் பிடித்ததைப் பாருங்கள். புட்டு கொஞ்சம் பிந்தி அவியட்டும். தேங்காயை வீட்டுக்காரர் துருவலாம், பிள்ளைகளின் கொப்பியையும் அவர் பார்க்கலாம். ஆனால் இதை வாய்விட்டுக் கேளுங்கள். பார்த்துச் செய்வார்கள் என்று காத்திருந்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

ரியூசன் ஆசிரியர், திருநெல்வேலி: ஏழு மணிக்கு ஒரு பிளேன்ரீ குடித்தால்தான் கடைசி வகுப்பு ஓடும். அதுவும் காரணமா?

ஓம் அண்ணை. பிளேன்ரீயில் நித்திரையை விரட்டும் கஃபீன் இருக்கிறது. அதில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ஏழு மணிக்குக் குடித்ததில் பாதி, நடுச்சாமத்திலும் உள்ளேதான் நிற்கும். தொண்டைக்குக் கொத்தமல்லித் தண்ணீர் போதும்.

இளைஞர், சாவகச்சேரி: சனி, ஞாயிறில் பத்து மணி வரை படுத்தால் ஈடாகிவிடும்தானே?

முழுக்க ஈடாகாது, தம்பி. வளர்ந்தவர்களுக்குத் தினமும் 7 மணி நேர நித்திரையாவது வேண்டும். ஞாயிறு பத்துக்கு எழும்பினால் அன்றிரவு நித்திரை வராது, திங்கள் காலை இன்னும் மோசமாகும். வழமையைவிட ஒரு மணி நேரம் பிந்தி எழும்புங்கள். மத்தியானம் 20 நிமிடம் கண்ணயரலாம்.

இன்னொருவர்: போனை வைக்கவே முடியவில்லை.

சார்ஜரை விறாந்தையில் செருகி விடுங்கள். எழும்புவதற்கு ஒரு மணிக்கூடு வாங்கி வையுங்கள்.

பெயர் சொல்லாத ஒருவர்: போன் இல்லாமலும் விடியும் வரை விழித்துக் கிடக்கிறேன். மனம் பாரமாக இருக்கிறது.

உங்களுடையது வேறு. வேண்டுமென்று நீங்கள் விழித்திருக்கவில்லை. இரண்டு கிழமைக்கு மேல் இப்படியென்றால் யாழ் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அதுவரைக்கும் பொறுக்க முடியாவிட்டால் 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவிலும் கதைக்கலாம்.