ஏற்காடு போக பழைய ஃபிகோ டீசலா, ஸ்விஃப்ட் பெட்ரோலா?

சேலத்தில் தினசரி ஓட்டம், மாதம் இரண்டு முறை ஏற்காடு, 2016 மாடல் என்கிறீர்கள். ஓட்டுற சுகம் என்று மட்டும் பார்த்தால் ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல்தான். இன்ஜினின் முறுக்குவிசை (டார்க்) 215 நியூட்டன் மீட்டர். ஸ்விஃப்ட் பெட்ரோலில் சுமார் 115. இருபது கொண்டை ஊசி வளைவிலும் அந்த வித்தியாசம் காலில் தெரியும். ஸ்டியரிங்கும் அருமை.

ஆனாலும் நான் ஸ்விஃப்ட்டைத்தான் சொல்வேன். ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. அந்த டீசல் இன்ஜினில் டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பெல்ட்) இருக்கிறது. மாற்றாமல் விட்டு அறுந்தால் வால்வு வளைந்து இன்ஜினே போய்விடும். ஸ்விஃப்ட் பெட்ரோலில் அந்த வேலைக்குச் செயின்; பெல்ட் போல அறுந்துவிடுமோ என்ற கவலை குறைவு. உதிரிபாகமும் எந்த ஊர் மெக்கானிக்கிடமும் கிடைக்கும். வேலைக்குப் போகிற ஒரே வண்டி என்றால் இது பெரிய விஷயம்.

எதை எடுத்தாலும் ஊருக்குள் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடிவாரத்திலிருந்து நான்கு பேரோடு ஏறுங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையா? கிளட்ச் தேய்ந்திருக்கிறது. மேலே போய் நிறுத்தி, டெம்பரேச்சர் முள் ஏறியிருக்கிறதா பாருங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள், பிரேக்கை அழுத்திக்கொண்டே வராதீர்கள். அப்படி வந்தும் கருகிய வாடை அடித்தால் பிரேக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வளைவில் முன்சக்கரப் பக்கம் 'டொக் டொக்' என்றால் சஸ்பென்ஷன் அல்லது ஆக்சில் செலவு காத்திருக்கலாம்; விலையில் குறைத்துக் கேளுங்கள்.

பெல்ட் மாற்றிய பில்லோடு, ஒரே கையில் இருந்த ஃபிகோ கிடைத்து, வீட்டில் இன்னொரு வண்டியும் இருந்தால், தயங்காமல் அதையே எடுங்கள்.