ஆடுகளத்தில் அரசியல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் அட்லாண்டா அருகே இருக்கிறோம். மகள் பள்ளி அணியில் கூடைப்பந்து ஆடுகிறாள். தேர்தல் வருடம் வந்துவிட்டால் இங்கே நிம்மதியாக ஒரு ஆட்டம் பார்க்க முடிவதில்லை. யார் தேசிய கீதத்துக்கு நின்றார், யார் மண்டியிட்டார் என்பதே பேச்சாகிவிடுகிறது. 2020 கோடையில் இந்த ஊர் மகளிர் அணி தங்கள் உரிமையாளரின் எதிர் வேட்பாளருக்காகச் சட்டை போட்டுக்கொண்டு வந்ததை இன்னும் புகழ்கிறார்கள். சம்பளம் கொடுப்பவரையே எதிர்ப்பது முறையா? ஆட வந்தவர்கள் ஆடிவிட்டுப் போகலாமே?

ஒரு வாசகர்

வணக்கம்.

உங்கள் சலிப்பு புரிகிறது. ஆனால் அந்த அணிக்குள் அரசியல் ஏற்கெனவே இருந்தது. உங்கள் ஊர் மகளிர் அணியான அட்லாண்டா ட்ரீமின் இணை உரிமையாளர் கெல்லி லெஃப்லர், ஜார்ஜியா ஆளுநர் பிரையன் கெம்பின் நியமனத்தால் 2020 ஜனவரியில் அமெரிக்க செனட்டராகப் பதவியேற்றிருந்தார். நவம்பரில் அவர் மக்களிடம் ஓட்டுக் கேட்டாக வேண்டும். சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சியிலிருந்தே டக் காலின்ஸ் போட்டிக்கு வந்துவிட்டார். யார் கெட்டியான வலதுசாரி என்பதில்தான் இருவருக்கும் மோதல்.

கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ் கொன்றதில் நாடு கொதித்துக்கொண்டிருந்த அந்த ஜூலையில், லெஃப்லர் அமெரிக்க மகளிர் கூடைப்பந்து லீக்கின் ஆணையர் கேத்தி எங்கல்பர்ட்டுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்களின் உயிருக்கும் மதிப்புண்டு என்று போராடும் பிளாக் லைவ்ஸ் மேட்டர் இயக்கத்தை லீக் ஆதரிக்கக் கூடாது, சட்டைகளில் அமெரிக்கக் கொடி இருக்கட்டும் என்றார். லீக்கில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். போலீஸ் வீடு புகுந்து சுட்டுக் கொன்ற பிரியானா டெய்லரின் பெயரில் அந்த சீசனை ஆட முடிவெடுத்தவர்கள். அவர்கள் சும்மா இருந்திருக்க வேண்டும் என்றா சொல்கிறீர்கள்?

வீராங்கனைகள் சங்கம் உடனே அவரை வெளியேற்றச் சொன்னது. அதில் எனக்கு உடன்பாடில்லை. கருத்துச் சொன்னதற்காக ஒருவரின் உடைமையைப் பிடுங்கக் கூடாது. லீக்கும் அதைச் செய்யவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் யோசித்த விதம் எனக்கு இன்றும் வியப்பு. தாங்கள் திட்டத் திட்ட லெஃப்லருக்குத்தான் லாபம், அவர் எதிர்பார்ப்பதே அந்தச் சண்டையைத்தான் என்று கண்டுகொண்டார்கள். எனவே அவர் பெயரைச் சொல்வதையே நிறுத்தினார்கள். எதிர்த்து நிற்பவர் யார் என்று தேடினார்கள். ரஃபேல் வார்னாக், மார்ட்டின் லூதர் கிங் பிரசங்கம் செய்த எபனேசர் தேவாலயத்தின் போதகர். அப்போது கருத்துக்கணிப்புகளில் பின்தங்கியிருந்தார். கொரோனாவால் 12 அணிகளும் ஃபுளோரிடாவின் பிரேடன்டனில் ஒரே வளாகத்துக்குள் அடைந்திருந்த நேரம். அங்கிருந்தே காணொளியில் அவரோடு பேசி, பெண்ணுரிமையிலும் குற்றவியல் சட்டச் சீர்திருத்தத்திலும் அவர் நிலைப்பாடு என்ன என்று பார்த்தபிறகே முடிவெடுத்தார்கள். சட்டை யோசனை சியாட்டில் அணியின் சூ பேர்டுடையது.

ஆகஸ்ட் 4. ‘வார்னாக்குக்கு வாக்களியுங்கள்’ என்று எழுதிய கறுப்பு டி-ஷர்ட்டோடு வந்தார்கள். அடுத்த சில நாட்களில் வார்னாக்குக்கு 1,80,000 டாலருக்கு மேல் நன்கொடை சேர்ந்தது.

சம்பளம் பற்றிக் கேட்டீர்கள். ஆண்கள் லீக்கின் நட்சத்திரங்களைப் போல அன்று இவர்கள் கோடிகளில் புரண்டவர்கள் இல்லை. அந்த வருடம் உச்சபட்ச சம்பளமே 2,15,000 டாலர். சீசன் முடிந்ததும் பிழைப்புக்காக வெளிநாட்டு அணிகளுக்குப் போய் ஆடியவர்கள் பலர். 2016 கோடையில், அதுவும் தேர்தல் வருடம், போலீஸ் துப்பாக்கிச் சூடுகளைக் கண்டித்து வெறும் கறுப்புச் சட்டை போட்டதற்கே ஆளுக்கு 500 டாலர் அபராதம் போட்டது இதே லீக். எதிர்ப்பு வலுத்தபின் ரத்து செய்தார்கள். தேசிய கீதத்தின்போது மண்டியிட்ட அமெரிக்கக் கால்பந்து வீரர் கோலின் கேப்பர்னிக் விவகாரம் வெடித்ததே அதற்குப் பிறகுதான். இழக்க நிறைய இருந்தும் துணிந்தவர்கள் இவர்கள்.

சரி, சட்டையா தேர்தலை ஜெயித்தது? அப்படிச் சொல்ல மாட்டேன். ஜார்ஜியா அரசியல்வாதி ஸ்டேசி ஏப்ரம்ஸ் போன்றவர்கள் வருடக்கணக்காக வீடுவீடாக வாக்காளர்களைச் சேர்த்த உழைப்பு பெரியது. உங்கள் ஊர் ஸ்டேட் ஃபார்ம் கூடைப்பந்து அரங்கமே அந்த வருடம் வாக்குச்சாவடியானது. நவம்பரில் வார்னாக்குக்குச் சுமார் 33 சதவீதம், லெஃப்லருக்கு 26, காலின்ஸுக்கு 20. ஜார்ஜியா சட்டப்படி பாதிக்கு மேல் வேண்டும் என்பதால் மறுபடி ஓட்டு. 2021 ஜனவரி 5 அன்று வார்னாக் 51க்கு 49 என்று ஜெயித்து, ஜார்ஜியாவின் முதல் கறுப்பின செனட்டர் ஆனார். ஆனால் ஆகஸ்டில், பலர் அவரைக் கவனிக்காதபோது, நாட்டைத் திரும்பிப் பார்க்க வைத்தவர்கள் இந்தப் பெண்கள்.

ட்ரீமில் ஆடிய ரெனீ மான்ட்கோமரி பற்றி மகளிடம் சொல்லுங்கள். சமூக நீதி வேலைக்காக 2020 சீசனையும் அதன் சம்பளத்தையும் விட்டுவிட்டு வெளியே நின்றவர் அவர். 2021 பிப்ரவரியில் அணி கைமாறியபோது, வாங்கிய மூவரில் ஒருவர்.